மீன் பலகையில் ஒரு மரணம்

1987. சனிக்கிழமை மாலை, மணி ஏழு. கோயிலில் நொவேனா ஜெபம் முடிந்து பஃபலோ ரோட்டு அடுக்குமாடி வீட்டுக்குத் திரும்பிய பிரிஜட், கம்ப்யூட்டர் முன்னால் புருஷன் சூசைநாதன் கவிழ்ந்து கிடப்பதைக் கண்டாள். பக்கத்தில் அவள் கலந்து வைத்துவிட்டுப் போன காப்பி, பாதி குடித்தபடி இருந்தது. அதில் சயனைடு.

சூசைநாதனுக்கு மீன் வளர்ப்பு என்றால் பைத்தியம். வீட்டு போன் லைனில் மோடத்தை மாட்டி, ஊரிலுள்ள மீன் பிரியர்கள் கம்ப்யூட்டர் வழியே எழுதிப் பேச 'மீன் பலகை' என்று ஒன்றை நடத்தினார். இருந்ததோ ஒரே லைன். ஒரு நேரத்தில் வெளியிலிருந்து ஒருவர்தான் உள்ளே வர முடியும். பலகை சுத்த சந்தைக்கடை! செவுள் நோயைப் பற்றிக் கேட்டால் நாசி லெமாக் தேங்காய்ச் சோற்றைப் பற்றிப் பதில் வரும். பொறுத்துப் பார்த்த மனுஷன், பழைய கடிதங்களையெல்லாம் நோய், தீனி, விற்பனை என்று தலைப்புவாரியாகப் பிரிக்க உட்கார்ந்துவிட்டார்.

மறுநாளே பிரிஜட் கைதானாள். "அந்த போனைத் தூக்கிப் போட்டு உடைக்கிறேன்னு தினமும் சண்டை லா" என்றார் பக்கத்து வீட்டு ரத்தினம்மா. குற்றம் நிரூபணமானால் தூக்கு. ஆனால் இன்ஸ்பெக்டர் தங்கராஜுவுக்கு மனசு ஒப்பவில்லை. விஷம் வைத்தவள் கோப்பையைக் கழுவாமலா போலீசைக் கூப்பிடுவாள்?

பலகையில் தினமும் எழுதுபவரும், வளர்ப்புக் கடல்மீன் கடை வைத்திருந்தவருமான சேதுபதியை குவீன்ஸ்டவுனில் அவர் வீட்டிலேயே போய்ப் பார்த்தார்.

"சனிக்கிழமை ஆறு மணிக்கு எங்க இருந்தீங்க?"

"இங்க, வீட்டுலதான் சார். ஆறுலேர்ந்து ஆறரை வரைக்கும் பலகையில அவரோட எழுதிக்கிட்டு இருந்தேன். காப்பி கசக்குது, பிரிஜட் என்னத்தைப் போட்டாளோன்னு அவரே எழுதினாரு. மெஷின்ல பாருங்க லா."

பார்த்தார். சூசைநாதனின் கம்ப்யூட்டரில் அப்படியே இருந்தது. இது போதும், அந்தப் பெண்ணின் கழுத்தில் கயிறு மாட்ட.

காத்தோங்கில் சூசைநாதனின் தங்கை பிலோமினம்மாள் கதவைத் திறந்ததுமே பொரிந்து தள்ளினாள்.

"அண்ணி எறும்பைக்கூட மிதிக்க மாட்டாங்க சார்!"

"அன்னிக்கு அண்ணன்கிட்ட பேசினீங்களா?"

"எங்க பேசுறது? ஆறேகாலுக்குக் கூப்பிட்டேன். அந்த மோடம் சனியன் காதுக்குள்ள கீச்சுன்னு கத்துச்சு. வச்சுட்டேன்."

"நேரம் நிச்சயமா தெரியுமா?"

"ஆறரைப் பூசைக்குக் கிளம்புற அவசரம். கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டேதான் டயல் பண்ணேன்."

அன்று மாலையே சேதுபதி நிலையத்தில், தங்கராஜுவின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க லைன்ல இருந்திருந்தா அந்த அம்மாவுக்கு எங்கேஜ் டோன்தான் கேட்டிருக்கணும். மோடம் கத்தியிருக்குன்னா லைன் காலி. வெளியிலேர்ந்து யாரும் உள்ள வரலை. அப்ப நீங்க எங்கேர்ந்து எழுதினீங்க?"

கேள்வி கேட்ட தங்கராஜுவே பதிலையும் சொன்னார்.

"அவரு மெஷின்லேர்ந்தே. பொணத்தைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, ரெண்டு பேர் பேச்சையும் நீங்களே தட்டியிருக்கீங்க."

ஆசாமி விற்றதெல்லாம் சயனைடு தெளித்து மயக்கிப் பிடித்த மீன்கள். வாங்கிய சில வாரத்தில் செத்து மிதக்கும். புகார்கள் அரட்டைக்குள் சிதறிக் கிடந்தவரை யாருக்கும் உறைக்கவில்லை. 'நோய்' என்ற தலைப்பின்கீழ் ஒன்றுசேர்ந்ததும் அத்தனையும் ஒரே கடையைக் காட்டின. அதை எல்லாரும் படிக்கப் போடுவேன் என்று சூசைநாதன் சொன்ன அன்றே, பேசிப் பார்க்க வீட்டுக்கு வந்த சேதுபதி, அவர் எழுந்து மீனுக்குத் தீனி போடப் போன நேரம், மீன் பிடிக்கும் அதே சயனைடைக் காப்பியில் கலந்துவிட்டார்.

"குப்பையாவே விட்டிருந்தா இன்னிக்கும் உயிரோட இருந்திருப்பாரு" என்றார் சேதுபதி.

பிரிஜட்டை விடுவிக்க அவரே நேரில் போனார். "நீங்க வீட்டுக்குப் போலாம்மா."

அவள் எழுந்தாள்; நாலடி நடந்தாள்; அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இத்தனை நாளும் தூக்குக்கயிறுதான் சார் கண்ணு முன்னால நின்னுச்சு. இப்பத்தான்... அவரு செத்துட்டாருன்னே தெரியுது."