வயர் வெட்டிய மெஷின்

“இத எடுக்கணும்னா மொதல்ல என்னத் தூக்குங்கலே! எவனுக்குத் தெம்பு இருக்குன்னு பாப்போம்!”

சொன்னதோடு நிற்காமல், பிலோமினா பழைய வாஷிங் மெஷினின் மூடிமேல் ஏறி உட்கார்ந்தும் விட்டாள். மெஷின் ஒரு முனகல் இல்லாமல் தாங்கியது. பிலோமினாவைத் தாங்குகிற நாற்காலி முத்தையாபுரத்தில் எங்கள் தெருவிலேயே குறைச்சல் என்று தெரிந்தவர்களுக்குத்தான் இதன் பெருமை புரியும்.

“மைனி, இறங்குங்க. தெருவே பாக்கு,” என்றாள் மரியசெல்வி.

தெரு பார்த்துக்கொண்டுதான் இருந்தது. காய்ந்த துணியை மறுபடியும் காயப்போட நாங்கள் எல்லோரும் மாடிக்கு வந்திருந்தோம்.

“பாக்கட்டும்ளா! எந்தம்பி வாங்கிப் போட்ட சாமான் இது. நாளைக்கு அவன் வந்து எங்கனன்னு கேட்டா என்ன சொல்லுவ?”

“அவுக வர மாட்டாவ.”

“நீ கண்டியா? ஒடம்பு கரைக்கு வந்துச்சா?”

 மரியசெல்வியின் புருஷன் செல்வதுரை, பிலோமினாவின் ஒரே தம்பி, போன வருஷம் சங்கு குளிக்கப் போன இடத்தில் கடலுக்குள்ளேயே தங்கிவிட்டவன். உடல் கிடைக்கவில்லை.

“அக்கா, எக்ஸ்சேஞ்சுன்னா பழச நாங்க எடுத்துட்டுப் போயாவணும். வயரக்கூட வெட்டிட்டேன்,” என்று புது மெஷினைக் கொண்டுவந்த செந்தில்முருகன் பரிதாபமாகச் சொன்னான். மாற்றிக்கொள்கிற பழைய மெஷினை இனி யாரும் ஓட்டக் கூடாது என்பதற்காக வயரை அடியோடு வெட்டிவிடுவது அவன் கடை வழக்கம்.

“வயர வெட்டினா இது செத்துருமோ? உன் புதுசுதான்லே தும்மினா சாவும்!”

கடைசியில் தள்ளுபடி போனாலும் போகட்டும் என்று மரியசெல்வி முழு விலை கொடுத்தாள். ஆட்கள் பழையதை மூச்சிரைக்கத் தள்ளிக் கொல்லைப்புறத்து ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் கொண்டுபோய் விட்டார்கள். பிலோமினா அதுவரைக்கும் இறங்கவில்லை என்று சிலர் சொல்வார்கள். அது பொய். கொஞ்ச தூரம் நடந்தாள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிலோமினாவோடு எங்களுக்கு ஆயிரம் சண்டை இருந்தாலும் மெஷின் விஷயத்தில் அவள் பக்கம்தான் நியாயம். துறைமுகத்தில் கழித்துப்போட்ட கப்பல் சாமான்களோடு செல்வதுரை வாங்கிவந்த மெஷின் அது. உடம்பு முழுக்க இரும்பு, உள்ளே எவர்சில்வர் தொட்டி, திருக ஒரே ஒரு குமிழ். எங்கள் ஊர் போர் தண்ணீரில் இட்லிக்கு உப்புப் போட வேண்டாம். அந்தத் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினாலும் ஏனென்று கேட்காது. பாதி ஓட்டத்தில் மூடியைத் திறந்து, மறந்துபோன உள்பாவாடையை உள்ளே போட்டு, மூடிவிட்டால் விட்ட இடத்திலிருந்து ஓடும். பெல்ட் அறுந்தபோது செல்வதுரை ஏதோ படகு என்ஜின் பெல்ட்டை மாட்டினான், அதற்கும் ஓடியது. தண்ணீர் பிழியும் நேரத்தில் கொஞ்சம் குதிக்கும். அவன் போகிற போக்கில் மூடியில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவான். டப், டப். அடங்கிவிடும். அந்தச் சத்தம் கேட்டால் செல்வதுரை கரைக்கு வந்துவிட்டான் என்று தெருவுக்கே தெரியும்.

புதுசுக்கு முன்னால் வட்டமான கண்ணாடிக் கதவு. வேலை முடிந்தால் பாட்டுப் பாடும். நடுவில் திறக்க விடாது, பூட்டிக்கொள்ளும். தட்டினால் பிளாஸ்டிக் டப்பா போலச் சத்தம் வரும்.

இனி வருவது மரியசெல்வி பிறகு மதில்மேல் கையூன்றிச் சொன்னது. அவள் விட்டதை நாங்கள் கேட்டுக் கேட்டு வாங்கினோம்.

சாயர்புரத்துக்காரர் ஜெபசீலன், துறைமுகத்தில் கிளார்க், அவளைக் கல்யாணம் கட்டிக்கொள்ளத் தயாராக இருந்தார். அவளுக்கும் சம்மதம். ஆனால் ஒரு சட்டை தடுத்துக்கொண்டிருந்தது. செல்வதுரை குதிக்கும் முன் படகில் கழற்றி வைத்த நீலக் கட்டம்போட்ட சட்டை. அது வீட்டு ஆணியில் தொங்கியது. அதைத் தண்ணீரில் போடவே கூடாது என்பது பிலோமினாவின் சட்டம். தெருவில் வேறு யாரும் அப்படியொரு வழக்கத்தைக் கேள்விப்பட்டதில்லை.

“காஞ்ச சட்ட கெடந்தாத்தான்ளா அவனுக்குக் கரை இன்னதுன்னு தெரியும். நனைஞ்சுதுன்னா கரை எது கடல் எதுன்னு தெரியாமப் போயிரும்.”

பிலோமினா உவரி அந்தோனியார் கோயிலுக்குப் போய்த் தங்கியிருந்த வாரம், மரியசெல்வி சட்டையை ஆணியிலிருந்து எடுத்தாள். துவைத்து, தேய்த்து, கோயிலில் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டால் அவன் செத்தவனாகிவிடுவான். தானும் விதவையாகி, பிறகு மணப்பெண்ணாகலாம். எத்தனை நாள்தான் பாதிப் பெண்டாட்டியாக இருப்பது? புது மெஷினில் போட்டுக் கதவைச் சாத்தினாள்.

உள்ளே தண்ணீர் ஏறியது. சட்டை ஒரு சுற்று, இரண்டு சுற்று புரண்டது. விளக்குகள் எல்லாம் ஒருசேர மின்னின. நின்றுவிட்டது.

கதவு திறக்கவில்லை. தண்ணீர் இறங்கவில்லை.

செந்தில்முருகன் வந்து மண்டியிட்டுப் பார்த்தான். “போர்டு போயிருச்சுக்கா. உப்புக்காத்து பாத்தீயளா. சாமான் சென்னையில இருந்து வரணும்.”

“கதவ மட்டும் தொறந்து விடுங்க தம்பி.”

“கைய வச்சா வாரண்டி போயிரும்க்கா.”

வாரண்டிக்குப் பயந்து, இறந்தவன் சட்டையைத் தண்ணீரோடு வீட்டுக்குள் வைத்துக்கொண்டவள் இந்தக் கரையிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். நாங்கள் சிரித்தோம். அப்போது சிரிக்க முடிந்தது.

முதல் நாள் சட்டை அடியில் சுருண்டு கிடந்தது. மறுநாள் வாசல் தெளித்துவிட்டு உள்ளே வந்தவள், ஒரு கை மேலெழுந்து கண்ணாடியில் ஒட்டியிருப்பதைப் பார்த்தாள். துணி மிதக்கத்தானே செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். போகும்போதே, சோப்பு வாசம் வர வேண்டிய அந்த மூலையிலிருந்து டீசலும் பாசியும், உடைத்த சங்கின் சதை வெயிலில் கிடந்தால் வருமே அந்த இனித்த கவிச்சியும் கலந்து, படகின் அடித்தட்டைத் திறந்தது போன்ற ஒரு வாடை மெல்ல ஊர்ந்து வந்து அவள் சேலைத் தலைப்பில் ஏறிக்கொண்டது. ஊதுபத்தி கொளுத்தினாள். ஊதுபத்தியும் சேர்ந்து நாறியது.

அடுத்த நாள் சட்டையின் பொத்தான்கள் போட்டிருந்தன. அவள் திறந்து போட்ட சட்டை அது. அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது, ஏனென்றால் ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றும்போதுதான் அவள் அழுதாள்.

கண்ணாடிமேல் துண்டைப் போட்டு மூடினாள்.

அன்று மத்தியானம் மேற்கேயிருந்து கச்சான் காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. தெருவில் கரண்டு இல்லை. மின்விசிறி நின்று, ஃபிரிட்ஜ் நின்று, எதிர்வீட்டு டிவியும் அடங்கி, காற்று ஆஸ்பெஸ்டாஸைத் தூக்கித் தூக்கிப் போடுகிற சத்தம் மட்டும் கேட்ட அந்த வீட்டுக்குள், துண்டுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. குளுக். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. குளுக்.

சங்கு குளிக்கிறவர் வீட்டுப் பெண்ணுக்கு அந்தச் சத்தம் தெரியாமல் இருக்காது. கீழே போனவன் மூச்சு விடுகிறான் என்று படகில் இருப்பவர்களுக்குச் சொல்வது மேலே வந்து உடைகிற குமிழிகள்தான். குமிழி வரும்வரை ஆள் இருக்கிறான். செல்வதுரையின் குமிழி நின்றதை, படகில் இருந்தவர்கள் அவளிடம் சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறார்கள்.

துண்டை விலக்கினாள்.

சட்டை நிமிர்ந்து நின்றது. நெஞ்சு புடைத்திருந்தது. காலருக்குள் ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்திலிருந்து குமிழிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின.

“நா வேணும்னு செய்யலை,” என்றாள். யாரிடம் சொன்னாள் என்று கேட்டோம். காதில் வாங்காமல் மேலே சொல்லிக்கொண்டு போனாள்.

கண்ணாடி அதிர்ந்தது.

டப். டப்.

உள்ளேயிருந்து.

கண்ணை இறுக்கி மூடினாள். மாதாவே. மாதாவே. திறந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் தண்ணீர் இருந்தது. சட்டை இல்லை. கதவு பூட்டியபடி இருந்தது.

அப்போது கொல்லையில் ஓடத் தொடங்கியது.

கடகட கடகட. அவளுக்குப் பழக்கமான சத்தம். அந்த வீட்டிலேயே நம்பலாம் என்று தோன்றிய ஒரே சத்தம். அதனால்தான் போனேன் என்றாள். வாசல் பக்கம் ஓடாமல் கொல்லைக்கு ஏன் போனாய் என்று நாங்கள் எத்தனை முறை கேட்டும் அதையேதான் சொன்னாள்.

கொட்டகையில் பழைய மெஷின் குதித்துக்கொண்டிருந்தது. பின்னால் வெட்டுப்பட்ட வயர், பல்லி வாலைப் போல, தரையில் அடித்துக்கொண்டிருந்தது. கரண்டு இல்லை. வயரும் இல்லை.

அது எப்போது வேண்டுமானாலும் திறக்கிற மெஷின்.

மூடியைத் தூக்கினாள்.

ஓட்டம் நின்றது. எப்போதும்போல.

தொட்டி இல்லை. அடி இல்லை. கறுப்புத் தண்ணீர். வெளிச்சம் கொஞ்ச தூரம் இறங்கி, அதற்குமேல் போகாமல் நின்றது. ஆழத்தில் நீலமாக ஏதோ. சின்னதாக. பிறகு கொஞ்சம் பெரிதாக.

மேலே வந்துகொண்டிருந்தது.

ஒரு குமிழி முன்னால் வந்து அவள் முகத்துக்கு நேரே உடைந்தது. சோப்பு வாசம் இல்லை. புகையிலை. அவன் வாய்.

மூடியைப் போட்டாள். அம்மிக்கல்லை எப்படித் தூக்கினாளோ, ஒல்லிப்பிச்சான், தூக்கி மூடிமேல் வைத்தாள். கல்லுக்கு அடியிலிருந்து, பொறுமையாக, டப், டப்.

தெருவுக்குள் அவள் தலைவிரிகோலமாக ஓடிவந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். கொட்டகைவரை போய்ப் பார்க்கத்தான் யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

அவளுக்கும் ஜெபசீலனுக்கும் அடுத்த மாதமே கல்யாணம் முடிந்தது. சாயர்புரத்தில் இருக்கிறாள். ஜெபசீலன் ஆசையாக மெஷின் வாங்கித் தருகிறேன் என்றாராம்; வேண்டாமென்று வாளியில்தான் துவைக்கிறாள், அதுவும் வாளிக்குள் குனிந்து பார்க்காமல். செந்தில்முருகன் எட்டயபுரத்தில் பெண் எடுத்து, அங்கேயே செல்போன் கடை போட்டுவிட்டான். புது மெஷின் பழைய இரும்புக் கடைக்குப் போனது. அவர்களும் எடைக்குத் தேறவில்லை என்று அலுத்துக்கொண்டார்கள்.

பிலோமினா மட்டும் அந்த வீட்டில் இருக்கிறாள். உவரியிலிருந்து வந்த அன்றே அம்மிக்கல்லை இறக்கி வைத்துவிட்டாள். “எம் மெஷின் மேல எவளா கல்லத் தூக்கி வச்சவ?” என்று தெருவையே ஏசினாள். மூடியைச் சாத்தவில்லை. இப்போது மீன்காரியிடம் நிறைய மீன் வாங்குகிறாள். ஒத்தை ஆளுக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்டால் சிரிக்கிறாள். நீலக் கட்டம்போட்ட சட்டை சில நாள் கொடியில் சொட்டிக்கொண்டு கிடந்தது. இப்போது கொடியில் இல்லை.

காலையில் அவள் கொல்லையைப் பெருக்குமுன் எங்கள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரியும். உப்பளத்தில் தண்ணீர் வற்றினால் பூக்குமே, அப்படி வெள்ளையாக உப்புப் பூத்த பாதத் தடங்கள், கொட்டகையிலிருந்து அடுப்படி வாசல்வரை. எல்லாம் வீட்டைப் பார்த்தே இருக்கின்றன. திரும்பிப் போனதாக ஒன்றுகூட இல்லை.