யார் பேருக்குச் சீட்டு?

"ஏன்யா... கண்ணு தெரியலையா, இல்ல கிறுக்கா?"

வாய்க்கால் சேற்றிலிருந்து எழுந்த மாரீஸ்வரி கத்தினாள். கம்பம் ஊர்த் திராட்சைத் தோட்டத்தில் கிளி விரட்ட ஒரு வெடி போட்டாள், அவ்வளவுதான். ரோட்டில் சைக்கிளில் போனவன் பாய்ந்து வந்து அவளை வாய்க்காலுக்குள் தள்ளி, மேலே கவிழ்ந்துகொண்டான்!

"தலையத் தூக்காத... தூக்காத..."

"கிளிக்குப் போட்ட வெடிய்யா!"

அப்போதுதான் அவன் கண்களைப் பார்த்தாள். மழைக்கு முன்னால் இருண்டு நிற்கும் மலை மாதிரி... அவ்வளவு அழகு, அவ்வளவு பயம்.

பாண்டீஸ்வரன். கார்கில் சண்டைக்குப் போய்த் திரும்பி இரண்டு வருடம். அன்றிலிருந்து தினமும் அந்த வழியாகவே போனான். அவன் தலை தெரிந்தால், அவள் வெடியைக் கீழே வைத்துவிட்டுத் தகரத்தைத் தட்டினாள்.

"மிலிட்டரிக்காரரு ராத்திரி தூங்குனாகளா?"

"கிளிகிட்டக் கேளு."

"கண்ணே சொல்லுதே... வைத்தியம் பார்க்கலாம்ல?"

"பட்டாளத்து ஆபீசுல கேட்டேன். காயம் எங்கன இருக்குன்னாக. காட்ட ஒண்ணுமில்ல."

"இங்கன ஆஸ்பத்திரிக்குப் புதங்கிழமை மனசு டாக்டர் வர்றாகளாமே?"

"அந்தச் சீட்டுச் சன்னல்ல என் பேரைச் சொன்னா, பொழுது சாயுறதுக்குள்ள ஊரே கிறுக்கன்னு சொல்லும். தங்கச்சியக் கட்டிக்குடுக்கணும் புள்ள."

புதன்கிழமை அவளே போனாள். தன் பேரில் சீட்டு வாங்கி, அவன் அவ்வப்போது சொன்னதையெல்லாம் தன் நோயாகச் சொன்னாள். தூக்கமில்லை, சத்தம் கேட்டால் உடம்பு நடுங்குது, கூட இருந்தவன் பனிக்குள்ளிருந்து கூப்பிடுறான்... கம்பத்துப் பெண்ணுக்கு ஏது பனி என்று டாக்டர் கேட்கவில்லை. வெளியே நாற்பது பேர் நின்றார்கள். மாத்திரை எழுதினார்.

"ஏது இது?" மாத்திரையைப் பார்த்துப் பாண்டீஸ்வரன் கேட்டான்.

"தெரிஞ்ச எடத்துல வாங்குனேன். முழுங்குங்க."

மாதாமாதம் அவளே போய் மாத்திரை வாங்கி வந்தாள். ஆறு மாதத்தில் அவன் தூங்கினான். ஒரு நாள் சிரிக்கக்கூடச் செய்தான்...

அந்த வாரமே அவள் அம்மா ராஜாத்தி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரக பொண்ணு பார்க்க வர மாட்டாகளாம்டி! கிறுக்குச் சன்னல்ல உன்னையப் பார்த்தாகளாம். நெசமா?"

"நெசந்தான் ஆத்தா."

அவன் பேரை அவள் சொல்லவில்லை. ஆனால் ஊர் பேசியது அவன் காதுக்கும் போனது. அடுத்த புதன்கிழமை வரிசையில் நின்றவளை விலக்கிக்கொண்டு சன்னலுக்குப் போனான்.

"வேணாங்க... தங்கச்சிய நெனைங்க..."

"சீட்டு எனக்கு! பேரு பாண்டீஸ்வரன். இந்தப் புள்ளைக்கு ஒண்ணுமில்ல!"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். "சோடி பொருத்தந்தான்!"

உள்ளே இருந்தவர் நிமிரவே இல்லை. "மனசு டாக்டர் மாத்தலாகிப் போயிட்டாரு. அடுத்தவக எப்ப வருவாகன்னு தெரியாது. மதுரைக்குப் போங்க."

சன்னலைச் சாத்தினார்.

வாசல் தூறலில் இருவரும் நின்றார்கள்.

"நல்லானதுக்கப்புறம் சொல்லலாம்னு இருந்தேன் மாரி... உன்னையக் கட்டிக்கிறணும்னு ஆசை."

"நான் என்ன, பொழுது போகாமயா வந்து நின்னேன்?"

அவன் தலை குனிந்தான். "மாத்திரை நாலுதான் இருக்கு. மதுரையிலயும் இப்படியே சொல்லிட்டா?"

அவள் அவன் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப... நான் முழிச்சிருக்கேன். நீங்க தூங்குங்க."