விசிறிக்கு முன்னால் ஒரு குரல்

மெக்கானிக் ஃபிர்மென் கூலார் செத்து நாற்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தபோது அந்தச் சாவை விசாரிக்க வந்த கேப்டன் லவெர்ன் விமானத் திடலில் குதிரையை விட்டு இறங்கினார். 1911 அக்டோபர். ஷாம்பாஞ் சமவெளியின் சுண்ணாம்புச் சேறு அவருடைய பூட்ஸை வெள்ளையாக்கியது. அதற்கும் விமானிகள் மீதுதான் எரிச்சல் வந்தது. இருபது வருடம் பீரங்கியோடு வாழ்ந்தவர் அவர். குச்சியில் துணியைக் கட்டிப் பறந்துவிட்டு, இவர்களும் படையாம்.

கொட்டகைக்குள் விளக்கெண்ணெய் நாற்றம். எஞ்சினுக்கு அதைத்தான் ஊற்றினார்கள். பறக்கும்போது அது தெறித்து வாய்க்குள் போகும். இறங்கியதும் மாவீரர்கள் கழிப்பறைக்கு ஓடுவதை ராணுவமே சொல்லிச் சிரித்தது.

விமானி லெப்டினன்ட் தெ மர்சான் மீசைக்கு வாசனை தடவியிருந்தான். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னான். எஞ்சினுக்குள் பெட்ரோல் இறங்க, விமானத்தின் மூக்கிலுள்ள விசிறியை முதலில் கையால் சுற்றுவார்கள். அதற்கு முன், ஸ்விட்சை அணைத்தாயிற்றா என்று மெக்கானிக் கேட்க வேண்டும். விமானி பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். கூலார் கேட்கவேயில்லை. குடித்திருந்தான். தன் பாட்டுக்கு இழுத்தான். எஞ்சின் பிடித்துக்கொண்டது, விசிறி அவன் தலையைக் கொண்டுபோனது.

அதுதான் நடந்தது என்று கேப்டன் கையெழுத்துப் போட்டால் கூலாரின் மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் உதவித்தொகை கிடையாது. மற்ற மெக்கானிக்குகள் சாட்சி சொல்ல மறுத்தார்கள். அந்த விமானத்தின் மூக்குப் பக்கம் போகவும் மாட்டோம் என்றார்கள். பயந்தாங்கொள்ளிகள் என்று நினைத்துக்கொண்டார் அவர்.

"ஏறி உட்காருங்க, லெப்டினன்ட். எப்படி நடந்துச்சுன்னு காட்டுங்க."

கொட்டகை வாசலில் நின்ற அதே விமானத்தில் தெ மர்சான் ஏறி ஸ்விட்சை மேலே தள்ளினான்.

"மேலே இருந்தா ஓடும், கேப்டன். கீழே தள்ளினா அணைஞ்சிடும். பீரங்கிக்காரங்களுக்கே புரியும்."

ஸ்விட்சை மேலேயே விட்டுவிட்டு, கையுறையில் தொங்கிய நூலைப் பிய்க்க ஆரம்பித்தான்.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. காற்றில் உப்பியிருந்த கொட்டகைத் துணி மெல்ல அடங்கியது. பிறகு அசையவேயில்லை.

எண்ணெய் நாற்றம் திடீரென்று சூடாக வந்தது.

விசிறிக்கு முன்னாலிருந்து ஒரு கரகரத்த குரல்.

"அணைச்சாச்சா?"

"அணைச்சாச்சு," என்றான் தெ மர்சான், நூலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

விசிறி நகர்ந்தது.

யாரோ உடம்பின் பாரத்தைக் கொடுத்து இழுப்பதுபோல், மெதுவாகக் கால் சுற்று. எஞ்சினுக்குள் ஒரு சொடுக்கு. பெட்ரோல் இல்லாததால் அத்தோடு நின்றது.

கேப்டன் முன்னால் போய்ப் பார்த்தார். ஆள் இல்லை. ஈர மண்ணில் அவருடைய காலடி மட்டும்தான் இருந்தது.

திரும்பி வந்தார். ஸ்விட்ச் இன்னும் மேலேதான் இருந்தது.

"அணைச்சாச்சா?"

குரலில் கோபம் இல்லை. வேலையில் இருப்பவன் கேட்கிற கேள்வி.

இந்த முறை தெ மர்சான் நிமிர்ந்து ஸ்விட்சைப் பார்த்தான். கேப்டன் விசிறியிலிருந்து ஒரு எட்டு விலகி நின்றார். ஆனாலும் அவருடைய ஏளனம் போகவில்லை. யார்மேல் விழ வேண்டுமோ அந்த ஆளை அது இப்போது கண்டுபிடித்திருந்தது.

"அன்னைக்கும் அவன் கேட்டிருக்கான், லெப்டினன்ட்," என்றார். "நீங்கதான் பார்க்காமலே பதில் சொல்லியிருக்கீங்க."