சொருகியிருந்த சாட்சி!

விஜயதசமி. காலை ஒன்பதரை.

ரோகிணியின் செல்போன் அலறியது.

"கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்குற ரோகிணிதானே?"

"ஆமா சார்..."

"இன்ஸ்பெக்டர் மருது பேசறேன். கே.கே. நகர், சீதாராமன் ரத்தப் பரிசோதனை நிலையம். இங்க கம்ப்யூட்டர் ஆன் ஆகல. மேல ஒட்டியிருந்த ஸ்டிக்கர்ல உன் நம்பர் இருந்துச்சு. உடனே கிளம்பி வாம்மா."

"நாளைக்கு வரட்டுமா சார்? இன்னிக்கு லீவு நாள்..."

"நாளைக்கு வரைக்கும் பொணம் தாங்காது!"



"யா... யாரு சார்?"

"ஓனர் சீதாராமன். யாரோ மண்டையில அடிச்சிருக்கான்."

லைன் கட்டானது.

அவளுடைய அண்ணன் முத்துப்பாண்டி வேலை பார்ப்பது அங்கேதான். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவது அவன் வேலை. காலை ஏழரைக்கே கிளம்பிவிட்டான். "இன்னிக்கு அந்தாளை ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டு வாரேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனான்.

அந்தாள் என்றது யாரை?

ஸ்கூட்டியை உதைத்தாள்.

லேப் வாசலில் போலீஸ் ஜீப்.

ஜீப்புக்குள்ளே முத்துப்பாண்டி! கையில் விலங்கு. சட்டையெல்லாம் ரத்தம்.

தங்கையைப் பார்த்தான். சட்டென்று முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான்.

அவளுக்குப் புரிந்தது. 'என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே...'

"கிடந்தவரை நான் தூக்கித்தான்யா விட்டேன்! அடிக்கல!" ஜீப்பின் பக்கத்தில் நின்ற ஏட்டு சின்னானிடம் கத்தினான். "முதல்ல அந்த பிரிட்ஜைத் திறந்து பாருங்கய்யா!"

"பொணம் கிடக்கு, உனக்கு ஐஸ் வாட்டரு கேக்குதாடா? சும்மா கெட!"

ரோகிணி தலையைக் குனிந்தபடி உள்ளே போனாள்.

இன்ஸ்பெக்டர் மருது நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே கோகுல்நாத். சீதாராமனின் அக்கா மகன். லேபில் ரிப்போர்ட் அடிப்பவன். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. சிவந்த கண்கள்.

மூலையில் முருகம்மாள், கூட்டிப் பெருக்குகிறவள். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

"கேட்டுக்கோம்மா" என்றார் மருது. "சீதாராமன் செத்தது அடுத்த தெருவுல, அவர் வீட்ல. ஏழரையிலேர்ந்து எட்டுக்குள்ள. அந்த நேரத்துல இந்தத் தம்பி இங்க உக்காந்து ரிப்போர்ட் அடிச்சிட்டு இருந்ததாச் சொல்லுது. அது நிஜமான்னு நான் பாக்கணும். பாக்கலாம்னா சனியன் ஆன் ஆகமாட்டேங்குது."

"நிஜம்தான் சார்!" கோகுல்நாத் தாள்களை நீட்டினான். "நாலு ரிப்போர்ட். ஏழு நாப்பதுன்னு நேரமே அடிச்சிருக்கு பாருங்க. ஏழு மணிக்கு வந்து சிஸ்டத்தை ஆன் பண்ணேன். எட்டேகாலுக்கு ஆஃப் பண்ணிட்டுக் காபி குடிக்கப் போனேன். அதுக்குள்ள..."

அவன் குரல் உடைந்தது.

"முத்துப்பாண்டிகிட்டயும் லேப் சாவி இருக்கு சார். மாமாவை முடிச்சிட்டு, இங்க வந்து மெஷினையும் கெடுத்திருக்கான். நேத்து மாமாகிட்ட அவன் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டுது!"

ரோகிணி ஜன்னல் வழியாக ஜீப்பைப் பார்த்தாள்.

சத்தம் போட்டானா?

சட்டையில் ரத்தம்... கையில் சாவி... காலையில் அந்தக் கோபம்...

அண்ணனையே சந்தேகப்பட்டாள் ஒரு நொடி. அந்த நொடிக்காக அவளுக்கு அவள்மீதே வெறுப்பு வந்தது.

'வேலையைப் பாரு. மெஷின் என்ன சொல்லுதோ, அதுதான்.'

சுவிட்சை அழுத்தினாள்.

விசிறி சுழன்றது. ஹார்ட் டிஸ்க் லேசாக முனகியது. மானிட்டரில் விளக்கு.

அப்புறம் கறுப்புத் திரை. இடது மூலையில் ஒரு சின்ன வெள்ளைக் கோடு... மினுக்... மினுக்...

அவ்வளவுதான்!

உள்ளே எதுவும் உடையவில்லை. எல்லாப் பாகமும் உயிரோடு இருக்கிறது. பிறகு எதற்காகக் காத்திருக்கிறது?

கீழே குனிந்தாள்.

சி.பி.யு.வின் நெற்றியில் சந்தனம், குங்குமம். நேற்று ஆயுத பூஜை. மைக்ராஸ்கோப், பிரிண்டர், பிரிட்ஜ், எல்லாவற்றுக்கும் பொட்டு. சி.பி.யு. மேல் கறுப்பு டப்பா மாதிரி ஒரு டிரைவ். பழைய ரிப்போர்ட்களை பேக்கப் எடுத்து வைக்கும் டிரைவ். போன வாரம் அவளே கொண்டுவந்து கொடுத்தது. அதன் வயர் முன்பக்க ஓட்டையில் சொருகியிருந்தது.

அவளுக்குள் ஏதோ சுரீர் என்றது.

மெஷினை நிறுத்தி மறுபடி ஆன் செய்தாள். ஒரு பட்டனைத் தட்டி, நீலத் திரையில் செட்டிங்கைப் பார்த்தாள்.

ஐயோ!

போன வாரம் பென் டிரைவிலிருந்து விண்டோஸ் போட்டபோது, மெஷின் முதலில் வெளி டிரைவைத் தேடும்படி மாற்றி வைத்தாள். வேலை முடிந்ததும் பழையபடி மாற்ற மறந்துவிட்டாள்.

தப்பு அவளுடையது!

வயரைப் பிடுங்கக் கை நீண்டது.

பாதியில் நின்றது.

வயரின் முனை, ஓட்டை, இரண்டையும் சேர்த்து ஒரே இழுப்பாகச் சந்தனம் பூசியிருந்தது. பாளமாகக் காய்ந்திருந்தது. ஒரு விரிசல் கூட இல்லை.

மெல்லக் கையை இழுத்துக்கொண்டாள்.

"சார்..." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"சத்தமாப் பேசும்மா. நான் என்ன கடிச்சா வைப்பேன்?"

"இவர்கிட்ட ஒண்ணு கேக்கணும் சார்." கோகுல்நாத்தின் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள். "காலைல இந்த டிரைவைத் தொட்டீங்களா?"

"நான் எதுக்குத் தொடணும்? பேக்கப்பெல்லாம் மாமா பாக்கறது. சாயங்காலம் சொருகுவாரு, எடுத்ததும் வீட்டுக்குக் கொண்டு போயிடுவாரு. நேத்து பூஜைக்காக அப்படியே விட்டுட்டுப் போனாரு."

"அப்ப நீங்க சிஸ்டம் ஆன் பண்ணப்பவும் இது சொருகியேதான் இருந்துச்சா?"

"ஆமாங்கறேன்ல! அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

ரோகிணி மருதுவின் பக்கம் திரும்பினாள்.

"சார்... இது சொருகியிருந்தா இந்த மெஷின் ஆன் ஆகாது."

மருது புருவத்தைச் சுருக்கினார்.

"புரியிற மாதிரி சொல்லு."

"ஆன் பண்ணதும் விண்டோஸ் எங்க இருக்குன்னு மெஷின் தேடும் சார். இது முதல்ல வெளிய இருக்கற டிரைவைப் பாக்குது. அதுல வெறும் பழைய ரிப்போர்ட்தான். விண்டோஸ் கிடையாது. அதான் அங்கேயே முழிச்சிக்கிட்டு நிக்குது. பிடுங்கினாத்தான் ஓடும். பிடுங்கியிருந்தா... இந்தச் சந்தனம் உடைஞ்சிருக்கும்."

மருது எழுந்தார்.

"அப்படிச் சொல்லு பாப்பா!" ஜன்னலுக்கு வெளியே, ஜீப்பிலிருந்து ஒரு குரல்.

மருது திரும்பினார்.

"பாப்பாவா?"

முத்துப்பாண்டி நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"எ... எங்கண்ணன் சார்" என்றாள் ரோகிணி.

"பாத்தீங்களா சார்!" கோகுல்நாத் துள்ளினான். "கூட்டுக் களவாணிங்க! அண்ணன் கொன்னிருக்கான், தங்கச்சி வந்து கதை கட்டுறா! மெஷினைக் கெடுத்ததே இவதான்!"

மருதுவின் கண்கள் சுருங்கின.

"ஏம்மா... இதை ஏன் முதல்லயே சொல்லல?"

"சொல்லியிருந்தா மெஷினைத் தொட விட்டிருக்க மாட்டீங்க சார்."

"இப்ப நீ சொல்றதை எப்படி நம்ப?"

ரோகிணி இரண்டடி பின்னால் போனாள். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"என்னை நம்ப வேணாம் சார். நீங்களே பண்ணிப் பாருங்க."

மருது அவளை முறைத்தார். அப்புறம் வாசலைப் பார்த்தார்.

"யோவ் சின்னான்! போட்டோகிராபரை உள்ள வரச் சொல்லு!"

சந்தனத்தை நாலு கோணத்தில் படம் எடுத்தார்கள்.

மருது குனிந்து வயரை இழுத்தார்.

பொலபொலவென்று சந்தனம் உதிர்ந்தது.

சுவிட்சை அழுத்தினார். ஒரு நிமிடம்... விண்டோஸ் திரை பளிச்சென்று வந்தது!

நிறுத்தினார். வயரைச் சொருகி மறுபடி அழுத்தினார்.

கறுப்பு. மினுக்... மினுக்...

இன்னொரு தடவை பிடுங்கினார். வந்தது!

"கடைசியா இதுல எப்ப ரிப்போர்ட் அடிச்சிருக்கு? நீ தொடாதே, வழி மட்டும் சொல்லு."

அவள் சொல்லச் சொல்ல ஒற்றை விரலால் மவுஸைத் தட்டினார்.

"நேத்து மத்தியானம் ரெண்டு பத்து! இன்னிக்கு ஒண்ணுகூட இல்லையே..." தாள்களைத் தூக்கிக் காட்டினார். "தம்பி, இதை எந்த பிரவுசிங் சென்டர்ல அடிச்சீங்க?"

கோகுல்நாத்தின் இஸ்திரிச் சட்டை நனைய ஆரம்பித்தது.

"ச... சந்தனம்... நான் போனப்புறம் அவன் புதுசாப் பூசியிருப்பான் சார்!"

"ஒரு மணி நேரத்துல இம்புட்டுக் காயுமா?"

மூலையிலிருந்து முருகம்மாள் முந்தானையை எடுத்தாள்.

"அய்யா... அது நேத்து சாயங்காலம் பூசுனதுதேன். அய்யா ஒரு பொட்டுதான் வைக்கச் சொன்னாக. இந்தத் தம்பிதேன், கிண்ணத்துல மிச்சமிருக்குன்னு அம்புட்டையும் அந்த ஒயரு மேல வழிச்சு அப்புச்சு. நாந்தேன் கிண்ணம் பிடிச்சேன்."



கோகுல்நாத் வாசலை நோக்கிப் பாய்ந்தான்.

சின்னான் காலை நீட்டினார். அவ்வளவுதான். தரையில் வெள்ளைச் சட்டை!

"பிரிட்ஜு!" ஜீப்பிலிருந்து முத்துப்பாண்டி மறுபடி கத்தினான்.

இந்த முறை திறந்தார்கள்.

பெயர் எழுதிய ரத்தக் குப்பிகள், வரிசை வரிசையாக. ஒன்றிலும் மூடி திறக்கப்படவில்லை!

"ஒரு மாசமா நான் எடுத்தாந்த ரத்தம் சார் அது" என்றான் முத்துப்பாண்டி, விலங்கு கழன்ற கையைத் தடவிக்கொண்டு. "சோதிச்சுப் பாக்காமலே இவன் இஷ்டத்துக்கு ரிப்போர்ட் அடிச்சுக் குடுத்திருக்கான். நேத்து ஓனர்கிட்ட சொல்லிச் சத்தம் போட்டேன். காலைல போலீசுக்குப் போவோம், வான்னாரு. இவனை ரெண்டுல ஒண்ணு கேக்கத்தான் கிளம்புனேன். போனா... வீட்டுப் படிக்கட்டுல கிடந்தாரு."

கோகுல்நாத் தரையைப் பார்த்தபடி முனகினான். "லேபையே இழுத்து மூடுவேன்னாரு சார்... கால்ல விழுந்தேன்... கேக்கல..."

ஜீப்பில் ஆள் மாறி ஏறினான்.

ரோகிணி தயங்கித் தயங்கி மருதுவிடம் வந்தாள்.

"சார்... அந்த செட்டிங் என் தப்புதான். அஞ்சு நிமிஷ வேலை. சரி பண்ணிடட்டுமா?"

மருது அலறினார்.

"கிட்டப் போகாதே! இத்தனை பேர்ல பொய் சொல்லாத ஒரே சாட்சி அதுதான். நீ ரிப்பேர் பண்ணி, அதையும் மனுசனாக்கிடாதம்மா!"