வாரிசு என்றொரு கட்டம்

அழைப்பு மணி அலறியது. விட்டு விட்டு அடிக்கவில்லை. யாரோ பொத்தானில் விரலை வைத்துவிட்டு எடுக்க மறந்துபோன மாதிரி ஒரே மூச்சாக அலறியது. அவள் கணினியை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். சத்தம் பட்டென்று நின்றது. வாசலில் ஒருவரும் இல்லை. படிக்கட்டு கீழ்வரை காலி. பகல்தான், ஆனாலும் மழை இருட்டு கட்டியிருந்தது.

"யாரு? உள்ள வாங்க," என்றாள். ஆஸ்பத்திரியில் இருக்கும் தம்பிக்கு மாற்றுத் துணி வாங்கிப்போக மேல் மாடி நர்சம்மா வருவதாகச் சொல்லியிருந்தார். அவர்தான் மேலே படித் திருப்பத்தில் நிற்கிறார் என்று நினைப்பு.

பல வருடம் பூட்டிக் கிடந்த பெட்டியைத் திறந்தால் ஈரமும் புழுக்கமும் கலந்து ஒரு வாடை வருமே, அது மட்டும் அவளை உரசிக்கொண்டு உள்ளே போனது.

கதவைச் சாத்திவிட்டு மேசைக்குத் திரும்பினாள். நின்று யோசிக்க நேரமில்லை. தம்பிக்கு ரத்தப் புற்றுநோய். எலும்பு மஜ்ஜை மாற்றினால்தான் பிழைப்பான். அவளுடையது பொருந்தவில்லை. அப்பா பக்கத்து ஆட்கள் எல்லோரும் கையை நீட்டி ஊசி குத்திக்கொண்டாயிற்று, யாருடையதும் சேரவில்லை. "உங்க அம்மா பக்கத்துல யாராவது இருந்தா இழுத்துட்டு வாங்கம்மா, சீக்கிரம்," என்று சொல்லிவிட்டார் டாக்டர். அம்மாவுக்குப் பக்கம் என்று ஒன்று இருந்தால்தானே? அம்மா அநாதை விடுதியில் வளர்ந்தவள். கொண்டுவந்து விட்டவர் ஒரு கடிகாரக்காரர், அவளுடைய தகப்பன் என்பதும், அவருடைய குடும்பப் பெயரும் மட்டும்தான் விடுதியில் கிடைத்தன. அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள், தம்பியை இவள் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டு.

அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் ஒரு வாரமாக ஆவணக் காப்பகத்தின் இணையதளமே கதியென்று கிடக்கிறாள். நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட பழைய உயில்களையெல்லாம் படமெடுத்து அதில் ஏற்றியிருந்தார்கள். சொந்தம் தேடுகிறவர்களுக்கு உயிலைப்போல ஒரு துணை கிடையாது. பிறப்புப் பதிவு ஒரு ஆளைக் காட்டும். உயிலோ சண்டை போட்டுப் பிரிந்த தங்கை வரைக்கும் குடும்பத்தையே கூட்டி உட்கார வைத்துவிடும்.

இன்று கடிகாரக்காரரின் உயில் அகப்பட்டது. திறக்கப் போனால் ஒரு கேள்வி: கேட்பவர் ஆராய்ச்சியாளரா, வாரிசா? ஆராய்ச்சியாளர் என்றால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். வாரிசுக்கு உடனே. அதுவரை தம்பி தாங்குவானா? வாரிசு என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். பேத்திதானே, பொய்யும் இல்லையே.

அடித்த அந்த நொடிதான் மணி அலறியது.

இப்போது போன் ஒலித்தது. தம்பி.

"என்ன டிடெக்டிவ், கோடீஸ்வர மாமா யாராவது சிக்கினாரா?"

"கடிகாரத் தாத்தா சிக்கிட்டாரு. வாயை மூடிட்டுப் படுடா."

"எனக்கு நேரம் சரியில்லன்னு தெரிஞ்சுதான் கடிகாரக்காரரா பார்த்துப் பிடிச்சியாக்கா?" சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "ஆமா, வீட்ல யாரு?"

"யாரும் இல்லையே. ஏன்?"

"யாரோ போன்கிட்ட மூச்சு விடுற மாதிரி கேக்குது. சரி, மழையா இருக்கும்."

போனை வைத்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றாத மாதிரி நடித்துக்கொண்டு உயிலைப் பெரிதாக்கினாள். சாய்ந்த, நடுங்கிய கையெழுத்து. கருவிகள் கூட்டாளிக்கு. கடை தங்கையின் மகனுக்கு.

தங்கையின் மகன்! நெஞ்சு துள்ளியது. அந்தப் பெயரைப் போட்டுத் தேடினாள். அவனும் கிடைத்தான், உயிலாகவே. மாமனுக்கு முந்திக்கொண்டு போயிருக்கிறான். அவனுக்கு முன்னால் அவன் தங்கை. அதற்கும் முன்னால் அவர்களில் கடைக்குட்டி. ஒரே வருடத்தில், இளையவர் முதலாக, படி ஏறுவதைப்போல ஒரு குடும்பமே தீர்ந்திருந்தது. தேடிவந்த சொந்தத்தில் ஒரு ஆள் மிச்சமில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு உயிலின் கடைசிப் பத்திக்கு வந்தாள்.

'என் தகப்பன் வழியாக என்னிடம் வந்தவளை நான் யாருக்கும் எழுதி வைக்கவில்லை. அவள் எப்போதும் இளையவரிலிருந்துதான் தொடங்குவாள். என் பிள்ளைகளில் மிஞ்சிய மகளை, வந்தவள் அறியாத இடத்தில் விட்டிருக்கிறேன். கேட்டு வாங்காதவர் வாசலை அவளால் தாண்ட முடியாது. ஆகையால், வாரிசு என்று எவரும் வர வேண்டாம்.'

கூடத்தில் ஏதோ இழுபட்டது. ஈரத் துணியைத் தரையோடு இழுத்துப் போகிற சத்தம். கொஞ்ச தூரம், நிறுத்தம், மறுபடி கொஞ்ச தூரம்.

அவள் காப்பகத்தின் உதவி எண்ணை அழுத்தினாள். எடுத்தவர் வயதான குமாஸ்தா போலிருக்கிறது, நிதானமாகப் பேசினார்.

"வாரிசுன்னா போட்டீங்க? அடடா, படிக்கிறதுக்குன்னா ஆராய்ச்சின்னு போடணும்மா. அவசரத்துல எல்லாரும் இதத்தான் பண்றாங்க. இந்த உயில்ல யாரும் கேக்காத பங்கு ஒண்ணு பாக்கி நின்னுச்சு. வாரிசுன்னு சொன்னா அத ஒத்துக்கிட்டதாத்தான் கணக்கு."

"எனக்கு வேண்டாம் சார்! ரத்து பண்ணுங்க, கால்ல விழறேன்!"

"இருங்க, பாக்குறேன்." விசைப்பலகை தட்டும் சத்தம். பிறகு குரல் மாறியது. "முடியாதேம்மா. ஒப்படைச்சாச்சுன்னு காட்டுது. இப்பதான். வாசல்லயே வாங்கிக்கிட்டீங்களாமே?"

போன் மேசையில் விழுந்தது.

இழுபடும் சத்தம் அறை வாசலுக்கு வந்துவிட்டது. வாடை தொண்டையை அடைத்தது. எதிரே கிடந்த நாற்காலியின் மெத்தை மெல்ல அமுங்கியது. அமுங்கியபடியே இருந்தது. அதன் காலருகே தண்ணீர் சொட்டியது.

சொட்டு.

இன்னொரு சொட்டு.

மூச்சு. அவளுடையது அல்ல.

"என்னை எடுத்துக்கோ," என்றாள். "நான்தான் கூப்பிட்டேன். என்னை எடுத்துக்கோ. இங்கேயே இரு. அவன் கொழந்த மாதிரி. அவன விட்டுடு."

மெத்தை எழும்பியது.

சத்தம் இல்லை. வாடை இல்லை. கூடத்தில் வெறும் மழை ஓசை. அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். போய்விட்டது. போயே போய்விட்டது. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சாத்திய வாசல் கதவு விரியத் திறந்து கிடந்ததை அதற்குப் பிறகுதான் பார்த்தாள். நாற்காலியிலிருந்து கதவு வரைக்கும் ஈரக்கோடு. கோடு படியில் இறங்கியிருந்தது. கீழே. தெருவை நோக்கி.

இளையவரிலிருந்து.

அவள் பாய்ந்து போனை எடுப்பதற்குள் அதுவே ஒலித்தது.

"ஜெயிச்சிட்டக்கா! அம்மா பக்கத்துச் சொந்தம்னு ஒருத்தங்க வந்து என் கட்டில்லயே உக்காந்திருக்காங்க, உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட ஈரம்... 'உள்ள வாங்க'ன்னு நீதான் கூப்பிட்டியாமே?"