கூண்டுத் துணி

கிளி பேசிவிட்டது. அதில் தப்பில்லை, அதற்காகத்தான் அறிவிப்பாளர் மாதக்கணக்கில் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியிருந்தார். தப்பு என்னவென்றால், அது பேசிய குரல் அவருடையதல்ல.

பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் பேசுவது அவர் வேலை. எந்த வண்டி எந்த மேடைக்கு வருகிறது, யாருடைய பை கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று நாள் முழுக்கச் சொல்வார். ஊரே கேட்கும், ஒருவரும் பதில் சொல்லமாட்டார்கள். டீக்கடையில் அவர் "ஒரு டீ" என்றால் பக்கத்தில் நிற்பவர் அனிச்சையாகப் பெட்டியைத் தூக்குவார். அவர் கண்ட புகழ் அவ்வளவுதான். மனைவி காலமான பிறகு, வீட்டுக்கு வந்தால் பூட்டு மட்டும்தான் "கிளிக்" என்று வரவேற்கும்.

அதனால்தான் கிளி வாங்கினார். அது பாட வேண்டாம், விசில் அடிக்க வேண்டாம். கதவைத் திறந்ததும் "வந்துட்டியா? சாப்டியா?" என்று கேட்டால் போதும். இந்த இரண்டு கேள்வியைக் கேட்க ஒரு பறவையைச் சம்பளத்துக்கு வைக்கும் நிலை வந்துவிட்டதே என்று அவருக்கே சிரிப்பு வந்தது. சம்பளம், சூரியகாந்தி விதை.

கிளிக்கடைக்காரர் பாடம் நடத்தும் முறையையும் சொல்லித்தான் அனுப்பினார். பொழுது சாயும்போது கூண்டைத் துணியால் மூட வேண்டும். விளக்குப் போடாமல் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே வாக்கியத்தை ஒரே தொனியில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் துணிக்குள் கையை விட்டு, அலகில் ஒரு விதையை வைத்து, "சமத்து" என்று சொல்ல வேண்டும்.

"இருட்டுல வேற வேடிக்கை இருக்காது பாருங்க. காது தானா நம்ம பக்கம் திரும்பிடும்" என்றார் கடைக்காரர்.

கடைசியில் ஒரு மாலை, அவர் செருப்பைக் கழற்றும்போது, கூண்டிலிருந்து வந்தது. "வந்துட்டியா?" தாழ்ந்த குரல். லேசாகச் சளி கட்டியது போன்ற ஈரம். வார்த்தைக்கு முன்னால், யாரோ மூச்சை உள்ளே இழுக்கும் மெல்லிய சத்தம்.

அறிவிப்பாளருக்கு முதலில் பயம் வரவில்லை. கண்தான் கலங்கியது.

"வந்துட்டேன்" என்றார்.

"சாப்டியா?"

"இன்னும் இல்ல."

அன்றைக்குக் காய்ந்த ரொட்டிகூட ருசித்தது. அதன்பின் தினமும் இதே பேச்சு. படியேறும்போதே அவர் தொண்டையில் "வந்துட்டேன்" வந்து தயாராக நிற்கும்.

ஆனால் கிளி நன்றாக இல்லை. கூண்டின் ஒரு பக்கக் கம்பியோடு ஒட்டிக்கொண்டு, எதிர் மூலையில் இருந்த துணி அலமாரியையே பார்த்தபடி, தன் மார்பு இறகுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டது. விதை டப்பா சீக்கிரம் காலியானது. ஒருநாள் அலமாரிக்கும் சுவருக்கும் இடையில் பெருக்கியபோது உமிகள் வந்தன. கூண்டுத் தட்டில் விழும் உமிகள்போல் நொறுங்கியவை அல்ல; அழகாக இரண்டாகப் பிளந்து, நனைந்து, சின்னக் குவியலாகச் சேர்ந்திருந்தவை. நெடுநாள் திறக்காத பெட்டிக்குள் ஈரத் தலைமுடியைப் பூட்டி வைத்ததுபோல் ஒரு வாடை. எலி என்று முடிவு செய்தார். தனியாக இருப்பவர்கள் எலி மேல் போடாத பழியா?

வேலை முடிந்து ஒருநாள் கிளிக்கடைக்குப் போனார்.

"பேசுது. ஆனா என் குரல்ல இல்லை."

"வேற யாரு சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்லை. நான் மட்டும்தான்."

"அப்படி வராது சார். கிளி சொந்தமாக் குரல் தயாரிக்காது. வாத்தியார் எப்படியோ, அதுவும் அப்படியே." கடைக்காரர் தண்ணீர்க் கிண்ணம் ஒன்றைக் கழுவிக்கொண்டே யோசித்தார். "மூச்சு இழுக்கறது வரைக்கும் வந்திருக்குன்னா, யாரோ இருட்டுல பக்கத்துல உக்காந்து பொறுமையா சொல்லிக் குடுத்திருக்காங்க. கோவிச்சுக்காதீங்க, உங்களவிட நல்ல வாத்தியார்."

அவர் சிரித்தார். அறிவிப்பாளரும் மரியாதைக்குச் சிரித்து வைத்தார்.

திரும்பும் பேருந்தில்தான் அது உறைத்தது. அந்த இரண்டு கேள்விகளையும் யாரிடமும் அவர் சொன்னதில்லை. கிளிக்கு மட்டுமே சொன்னார். அப்படியானால், விளக்கில்லாமல் அவர் பாடம் நடத்திய அத்தனை மாலைகளிலும், அந்த அறையில் இன்னொரு மாணவர் உட்கார்ந்து கவனித்திருக்கிறார்.

தங்கைக்குப் போன் போட்டார்.

"எத்தனை தடவ கூப்பிடறேன், இங்க வந்து இருண்ணா. பையன் அறை சும்மாதான் கெடக்கு. நீயும் உன் கிளியும் சேர்ந்து கத்துங்க, யாரு வேணாங்கறா?"

"இன்னிக்கே வர்றேன்."

"என்னண்ணா ஆச்சு?"

"எலி" என்றார் அறிவிப்பாளர்.

தெரு முழுக்க மின்சாரம் இல்லை. மழை தூறி, பொழுது சாம்பல் நிறத்தில் வடிந்துகொண்டிருந்தது. படியேறும்போதே முடிவு செய்தார்: என்ன கேட்டாலும் பதில் சொல்லக் கூடாது. கூண்டைத் தூக்க வேண்டும், கிளம்ப வேண்டும். வாழ்நாளெல்லாம் பேசிச் சம்பாதித்தவருக்கு வாயை மூடியிருப்பதா கஷ்டம் என்று தன்னையே கேலி செய்துகொண்டார். கேலி பாதிப் படியிலேயே நின்றுவிட்டது.

பூட்டு "கிளிக்" என்றது. வேறு சத்தமில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை.

கதவை அகலத் திறந்தே வைத்துவிட்டு உள்ளே போனார். கூண்டு மூடியிருந்தது. காலையில் துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டுப் போனது நன்றாக நினைவிருந்தது.

துணியை விலக்கினார். கிளி விழித்திருந்தது. மார்பில் ஓர் இறகுகூட இல்லை. சிவந்த தோல் பதறியது. அலகு இறுக மூடியிருந்தது. அவர் அந்த அலகையே பார்த்தார்.

மூச்சை இழுக்கும் சத்தம்.

"வந்துட்டியா?"

அலகு அசையவில்லை.

குரல் அவர் பிடரிக்குப் பின்னால் இருந்தது. அந்த ஈர வாடையும்.

பல்லைக் கடித்துக்கொண்டார். கூண்டை ஒரு கையால் தூக்கினார். மற்றொரு கையில் துணி அப்படியே இருந்தது. சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. தங்கையாகத்தான் இருக்கும். வாசல் பக்கத்தில்தான். வெளிச்சம் தெரிந்தது. நடந்தார். இன்னும் கொஞ்சம்.

"சாப்டியா?"

அவ்வளவு பரிவு. நிலையத்தைக் கடந்துபோகும் அத்தனை ஜனங்களில் ஒருவர்கூடக் கேட்காத கேள்வி. கால் நின்றது. தொண்டை தானாகத் திறந்தது.

"இன்னும் இல்ல."

கையிலிருந்த துணி மெல்ல உருவப்பட்டது. கதவு சாத்திக்கொண்டது. துணி அவர் தலைமேல் விழுந்தது, மிகப் பக்குவமாக.

இருட்டு. சூரியகாந்தி எண்ணெய் வாசனை. துணிக்குள் நுழைந்த குளிர்ந்த விரல் ஒன்று அவர் உதட்டைத் தேடிக் கண்டுபிடித்தது. உமி நீக்கிய ஒரு விதை.

"சமத்து."

போன் விடாமல் அதிர்ந்தது. காதோரம் அந்தக் குரல் மூச்சை இழுத்து, கொஞ்சமும் அவசரமில்லாமல், ஒரே தொனியில் அடுத்த பாடத்தைத் தொடங்கியது.

"நான் வரல. நான் வரல. நான் வரல."

துணிக்குள் அறிவிப்பாளர் வாயைத் திறந்தார்.