சுவரில் ஒரு படுக்கை

அட்டைப்பெட்டிக்குள் நான்கு கட்டில்கள் போட்டதும் இடம் தீர்ந்துவிட்டது.

"நதியா, உன்ற பொம்மைக்கு இடமில்லை," என்றான் வேல்குமார். "நீ பூமியில இருந்து ரேடியோவுல பேசு." தீப்பெட்டியில் செய்த ரேடியோவை அவளிடம் நீட்டினான்.

அறிவியல் கண்காட்சிக்காக ஐந்து பேர் சேர்ந்து செய்யும் விண்வெளி வீடு அது. ஆறு மாதம் அங்கேயே தங்கி வேலை செய்ய, ஆளுக்கொரு களிமண் பொம்மை.

நதியா தன் பொம்மைக்குச் சிவப்புப் பனியன்கூடத் தைத்திருந்தாள். இப்போது அதைக் கைக்குள் மூடிக்கொண்டாள். 'புதிதாக வந்தவள்தானே, விட்டுக்கொடு' என்றது மனம். அவள் விடுவதாக இல்லை.

ஜெயபாரதி டீச்சர் குனிந்து பார்த்தார். "வேலை எங்க செய்வாங்க கண்ணு? தூங்கறதுக்கா அத்தனை தூரம் போறாங்க? நாளைக்குள்ள மேசைக்கு இடம் பண்ணுங்க. இல்லாட்டி இதை வைக்க முடியாது."

வேல்குமாரின் முகம் வாடியது.

நதியாவின் வீடு ஒரே அறை. தம்பி மேலே தூளியில் தூங்குவான். கீழே அம்மா பனியன்களில் பிசிறு வெட்டிக்கொண்டிருப்பாள்.

"டீச்சர், அங்க எல்லாமே மிதக்கும்னு சொன்னீங்கள்ல? அப்ப கட்டில் எதுக்கு? படுத்தாலும் மிதந்துருவோம்ல."

மற்ற நால்வரும் கட்டில்களைப் பார்த்தார்கள். வீட்டில் தரையில் கட்டில் போடுவதால் அங்கேயும் போட்டிருந்தார்கள்.

வேல்குமார் தன் அப்பாவின் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த துணிக்கழிவுப் பையை நதியா கவிழ்த்தாள். ஐந்து பனியன் கைகளை எடுத்து, ஒரு முனையைத் தைத்து, சுவரில் ஒட்டினாள். ஒவ்வொன்றிலும் ஒரு பொம்மை. தலை மட்டும் வெளியே. கட்டில்கள் போன இடத்தில் மேசைகள் வந்தன.

"என்ற பொம்மையோட பையைத் தலைகீழா ஒட்டலாமா?" என்றான் வேல்குமார்.

"ஒட்டு. அங்க மேல, கீழன்னு எதுவும் கிடையாதுல்ல."

அவன் தயங்கி, சிவப்புப் பனியன் பொம்மையை எடுத்து ஜன்னலோரப் பைக்கு மாற்றினான். "இங்கிருந்தா பூமி நல்லாத் தெரியும்."

மறுநாள் தலைமையாசிரியர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, அஞ்சு பேரும் மேல போயிட்டீங்க. பூமியில ரேடியோவுல பேச யாரு இருக்கறாங்க?"

நதியா தீப்பெட்டியை அவரிடம் நீட்டினாள். "நீங்கதான் சார்."

அவர் சிரிக்காமல் அதை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார்.